அபேயன்ஸ்

ஆகஸ்ட் 12, புதன்

மதியம் கல்வராயன் மலையிலிருந்து வெள்ளையன் வந்தார். கள்ளக்குறிச்சியில் உள்ள என் தானியக் கடைக்குச் சாமை கொண்டுவருபவர். இன்று கையில் ஓர் ஆங்கிலக் கடிதம் மட்டும் இருந்தது. அவர் மகள் செல்வியின் நர்ஸ் வேலை உத்தரவு பற்றியது.

"இன்னா எழுதியிருக்குதுங்க பாய்?"

உத்தரவு 'அபேயன்ஸில்' இருப்பதாக எழுதியிருந்தது. எனக்குத் தெரியாத சொல். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "ரத்து பண்ணிட்டாங்கண்ணே" என்றேன்.

"அப்ப செல்விய பொண்ணு கேட்ட மாப்ள வூட்டுக்கு சரின்னு சொல்லிடறேன்" என்று கிளம்பிவிட்டார்.

உறுத்தலாக இருந்ததால் அகராதியைப் புரட்டினேன். தற்காலிகமாகச் செயல்படாமல் நிறுத்திவைப்பது என்று பொருள். ஏதோ கிடைக்கும் என்று வாயைப் பிளந்து காத்திருப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். வெள்ளையனின் முகம் நினைவுக்கு வந்தது.

கடையைப் பூட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டினேன்.

"ரத்து இல்லண்ணே! நிறுத்திதான் வச்சிருக்காங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

"அப்ப மாப்ள வூட்டையும் நிறுத்தி வெக்கிறேன் பாய்."

எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. கடிதத்திலும் அது இல்லை.