தூக்கம் வராத பூதமும் ஒற்றைச் சாக்ஸும்

பிப்ரவரி 5, திங்கள்

இந்தப் பருவத்துக்கான பட்டியல் வந்துவிட்டது. ஐந்து வாரம், பதினோரு தொடக்கப் பள்ளிகள். அதே வேன், அதே நான்கு பேர். பியானோக்காரர் வாசிப்பார், இடைவேளையில் முணுமுணுப்பார். வேன் ஓட்டுகிறவரே ஊர்த் தலைவராகவும் பாடுவார். குழுவில் வயதில் சின்னவள் ஊர்ப் பெண்ணாக வருவாள். நான் பூதம். தூக்கம் வராமல் ஊரையே அலற வைக்கும் பூதம். கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தாலாட்டுப் பாடி என்னைத் தூங்க வைக்க வேண்டும். நாற்பது நிமிட ஆப்பராவில் பேச்சே கிடையாது. 'கதவைச் சாத்து' என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வோம்.

வயிற்றில் இரண்டு தலையணை, முகத்தில் பச்சைத் தாடி. கீழ்க் குரல் வாய்த்த பாவத்துக்கு எனக்கு எப்போதும் சூனியக்காரி, மாமியார், பூதம்தான். வருத்தமே கிடையாது. கைத்தட்டல் பூதத்துக்குத்தான் அதிகம்.

பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து படித்தாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஒன்பதாவது வரியில் பிரஷ் நின்றது.

"இது எங்க ஸ்கூல்."

"ஆமா!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"நீ வராத."

"ஏன் கண்ணு?"

"நீ குறட்டை விடுவ. வயித்தைச் சொறிவ. எல்லாரும் சிரிப்பாங்க."

"அதுக்குத்தானே போறோம்?"

"உன்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க."

வாயைக் கொப்பளித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 6

வலிக்கிறது. எழுதியாயிற்று, போதும்.

பிப்ரவரி 8, வியாழன்

பழைய பூதத்துக்குப் போன் செய்தேன். எனக்கு முன்னால் ஏழு வருஷம் இந்த வேஷம் கட்டியவர், இப்போது நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தலையணை ஒன்றே போதும். மார்ச் 5 அன்று ஒரு நாள் மட்டும் எனக்குப் பதிலாக வந்து பாட முடியுமா என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. பொண்ணு வரக் கூடாதுங்கறா."

அவர் ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார். "என் பையன் பத்தாவது முடிக்கிற வரைக்கும் அப்பா பேங்க்ல இருக்காருன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தான். வரேன், கவலைப்படாத."

மகளிடம் சொன்னேன். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இப்படி அவள் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஆயிற்று! அது நான் வராததற்கான பரிசு என்று நினைத்தால் மட்டும் கொஞ்சம் எரிகிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

முதல் பள்ளி. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பேனா ஆடுகிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் நிகழ்ச்சி. மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தரையில் இருநூறு பிள்ளைகள். எல்லாம் நன்றாகத்தான் போனது. தாலாட்டு வந்தது. அதை நாங்கள் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து அனுப்பிவிடுவோம், இசை ஆசிரியர்கள் மூன்று வாரம் பாடிப் பழக்கி வைப்பார்கள். நான் பெஞ்சில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் தொடங்கினார்கள்.

கண்ணை மூடு பூதமே
காற்றும் தூங்கப் போகுதே

இங்கே ஓர் இடைவெளி உண்டு. பியானோ மட்டும் மெல்ல நடக்கும். அந்த இடைவெளியில் இருநூறு தொண்டைகள், ஒரே சுருதியில், இழுத்து, உருக்கமாகப் பாடின:

"அம்மாஆஆ... என் இன்னொரு சாக்ஸ் எங்கேஏஏ?"

பிறகு ஒன்றுமே நடக்காதது போல மூன்றாம் வரிக்குப் போனார்கள்.

ஊர்த் தலைவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். சின்னவள் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். நான் செத்த பிணம் மாதிரி கிடந்தேன், ஆனால் வயிற்றுத் தலையணை இரண்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

அந்த இழுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 14, புதன்

விஷயம் இதுதான். ஜனவரியில் பியானோக்காரருக்குக் காய்ச்சல். அதனால் தாலாட்டை வீட்டிலேயே, காலை நேரத்தில், பியானோ இல்லாமல் போனில் பதிவு செய்தேன். மகள் பள்ளிக்குக் கிளம்பும் அமளி. கதவைச் சாத்தியிருந்தேனே! அந்த இடைவெளியில் அவள் கத்தியது என் காதில் விழவே இல்லை. பாடும்போது எனக்கு எதுவும் விழாது. பாடிய பிறகு அதைப் போட்டுக் கேட்கவும் மாட்டேன். என் குரலை நானே கேட்டால் நாள் முழுக்க மனசு சரியிருக்காது. பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. அப்படியே குழு அலுவலகத்துக்கு அனுப்பினேன், அங்கிருந்து பதினோரு பள்ளிக்கும் போய்விட்டது.

நேற்றைய பள்ளியின் இசை ஆசிரியைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் குழம்பிப் போனார்.

"அது கதையில இல்லையா மேடம்? அந்த 'எங்கே'வை மட்டும் ரெண்டு நாள் பழக்கினோமே!"

வேறு பதிவு அனுப்பலாம் என்று குழுவிடம் சொன்னேன். பியானோக்காரர் வேனிலேயே எழுந்து நிற்கப் பார்த்தார். "கை வெச்சீங்கன்னா நான் குழுவை விட்டுப் போயிடுவேன். இத்தனை வருஷத்துல பிள்ளைங்க இவ்வளவு சுத்தமா ஒரு வரி பாடி நான் கேட்டதில்ல. பூதம் பதில் சொல்லட்டும்."

பிப்ரவரி 16, வெள்ளி

சொன்னேன். கண்ணைத் திறக்காமல், தூக்கக் கலக்கத்தில், தொண்டையின் அடியிலிருந்து: "கட்டிலுக்கு அடியில பாரு..."

கூடமே சிரித்துச் சரிந்தது. தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கதைக்கு இத்தனை நாள் என்ன குறை என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 23, வெள்ளி

ஐந்து பள்ளிகள் முடிந்தன. இன்று தாடியை அலசிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

அவள் பள்ளிக்கும் அதே பதிவுதான் போயிருக்கிறது. பழக்க ஆரம்பித்துப் பத்து நாளாவது ஆகியிருக்கும். நான் வரக் கூடாது என்று சொன்ன பிள்ளையின் குரலையே நான் பள்ளி முழுக்கப் போட்டுக் காட்டியிருக்கிறேன்! என்ன அம்மா நான்? ஏன் அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை? பூத வேஷத்தையாவது தள்ளி வைத்தேன். இதை எப்படித் தள்ளி வைப்பது?

பிப்ரவரி 24, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் பங்கு சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, வேறு எதுவாக இருக்கும்! நான் மெல்ல ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அது நான்தான்னு யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத."

"கோவமா?"

தோளைக் குலுக்கினாள். "கிளாஸ்ல தினமும் சண்டை. அந்த சாக்ஸ் எங்க இருக்கும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு ஒருத்தன் சொல்றான். நம்மகிட்ட நாயே இல்ல." கொஞ்ச நேரம் மடித்தாள். "பூதம் அங்கிள் என்ன பதில் பாடுவாரு?"

"கட்டிலுக்கு அடியிலன்னு."

"அது தப்பும்மா! லஞ்ச் பைல இருந்துச்சு. நீதான் அவசரத்துல போட்டிருந்த."

"ஆமா, நான்தான். அவர்கிட்ட சரியாச் சொல்லிடறேன்."

"வேண்டாம். அவர் மாத்திப் பாடிடுவாரு." இன்னொரு ஜோடியைச் சுருட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீயே வா. ஆனா தாடியோட வந்து தாடியோட போயிடணும். என்னைப் பார்க்கக் கூடாது. கண்ணடிக்கவே கூடாது."

சத்தியம் செய்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன்.

பிப்ரவரி 26

பழைய பூதத்திடம் வர வேண்டாம் என்றேன். "பதவி ஏற்கறதுக்கு முன்னாடியே பறிச்சுட்டியே" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

வேனிலேயே தாடியை ஒட்டிக்கொண்டேன். முந்நூறு பிள்ளைகள். மூன்றாவது வரிசை, தூண் பக்கம், நீல ஹேர்பேண்ட். பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை, எங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

தாலாட்டு வந்தது. படுத்தேன். கேள்வியும் வந்தது, முந்நூறு பேர் சேர்ந்து, இழுத்து. நான் வாயைத் திறந்தேன். ஏழு பள்ளிகளில் பாடிய கட்டில்தான் நாக்கில் வந்து நின்றது. 'கட்டி' என்று ஆரம்பித்து விழுங்கினேன். கட்டில் இல்லை... வேறு என்ன? எங்கே இருந்தது? ஐயோ, ஒன்றுமே இல்லை, தலைக்குள் சுத்தமாக ஒன்றுமே இல்லை! பியானோக்காரர் அதே இரண்டு அடியைத் திரும்ப வாசித்தார். இன்னொரு முறை. பேசவும் கூடாதே. பிள்ளைகள் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். அவள் சரியாகச் சொல்வதற்காக மட்டும்தான் என்னை வரச் சொன்னாள், அதையும் கோட்டைவிட்டேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், மெலிசாக, சுருதி பிசகாமல் பாடியது:

"லஞ்ச் பைல இருந்துச்சும்மா..."

பூதம் கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டேன். எழுந்து நின்றிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. முந்நூறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பக்கத்துப் பிள்ளை, "அது நீயா?" என்று கத்தியது. அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், ம், பாடு என்கிற மாதிரி.

"கிடைச்சா சரி... இனி நான் தூங்கறேன்" என்று பாடிவிட்டுக் கண்ணை மூடினேன். அழுததில் பசை விட்டு, தாடியின் ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

மாலையில் வீட்டில் கேட்டாள், "மறந்துட்டியா?"

"சுத்தமா."

"நல்லவேளை நான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பழம் சாப்பிடப் போனாள்.

மார்ச் 11, திங்கள்

இன்று நிகழ்ச்சி இல்லை, அவளைக் கூப்பிடப் பள்ளி வாசலுக்குப் போனேன். தாடி இல்லாமல். ஒன்றாம் வகுப்புப் பொடியன்கள் இரண்டு பேர் என்னைக் காட்டி, அப்புறம் அவளைக் காட்டி, "பூதத்தோட பொண்ணுடா" என்றார்கள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு மட்டும் இல்ல. அன்னிக்குப் பூதத்துக்கு வரியை எடுத்துக் குடுத்ததே நான்தான்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், அங்கேயே, எல்லாரும் பார்க்க.