கரடிக்கு மூன்று வரி

துலூத் நகர வரலாற்றாசிரியருக்கு,

இன்றைய பேப்பரில் உங்கள் 'இதே நாளில் நம் ஊர்' பத்தியைப் படித்தேன். துறைமுகம் எரிந்த வருஷம், ஹோட்டலுக்குள் கரடி புகுந்த வருஷம், அப்புறம் 1987: 'எச்சரிக்கையை மீறி, உறைந்த ஏரிமேல் வண்டி ஓட்டிய இளைஞன் மூழ்கினான்.'

கரடிக்கு மூன்று வரி. நம் ஆர்வோவுக்கு ஒன்று. அதிலும் பெயர் இல்லை.

எச்சரித்தது நான்தானே? மீன்பிடிக்கக் கிளம்பிய உங்கள் இருவரிடமும், "மார்ச் மாசத்துப் பனிக்கட்டி இளகியிருக்கும், நடந்தே போங்க" என்று வாசலில் நின்று கத்தினேன்.

"உங்கம்மா கிடக்கா, அதெல்லாம் தாங்கும், நீ ஓட்டுடா" என்று சிரித்தது யார்?

அடுத்த வருஷம் இதே நாளில் இன்னொரு வரி சேருங்கள்: ஏரி விரிசல் விட்டதும் முதல் ஆளாகக் கதவைத் திறந்து குதித்த தகப்பன், இன்று ஊர் வரலாறு எழுதுகிறான்.

இப்படிக்கு,
அந்த இளைஞனின் அம்மா