குண்டனுக்குப் பட்டினி

மச்சாள்,

அவித்த பட்டாணி மணக்கும் கையோடு இதை எழுதுகிறேன். சற்றுமுன் ஒன்றை எடுத்து நகத்தால் கீறித் தோலை உரித்தேன். உள்ளே இருந்த பச்சைப் பருப்பு இரண்டாகப் பிரிந்து உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவுதான், நீ வந்து பக்கத்தில் நின்றாய். "தோலோட போட்டிராதகா, தோல்தான் செமிக்காது" என்றாய். செத்துப்போன பிறகும் வேலை ஏவுகிறவள் நீ ஒருத்திதான்.

பட்டாணி எனக்கில்லை, அண்ணனுக்கும் இல்லை. குண்டனுக்கு. உன் மீன் தொட்டியில் இப்போது அவன் மட்டும்தான் மிச்சம். ஓட்டமாவடிக்கு அரிசி வாங்கப் போன அண்ணன், அரிசியை மறந்துவிட்டு ஒரு பொலித்தீன் பையில் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்தத் தங்கமீன். "அரிசி எங்க?" என்று நான் கத்துகிறேன். நீயோ பையை வெயிலில் பிடித்துக்கொண்டு, "என்ர ஆண்டவனே, என்ன வடிவு!" என்று நிற்கிறாய். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள், என் அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாள் ஆனவள், ஒரு மீனுக்காக அவரைப் பார்த்துப் புதுப்பெண் மாதிரிச் சிரித்தாய். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அன்றைக்குக் கஞ்சிதான் குடித்தோம், நினைவிருக்கிறதா?

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். அமிர்தகழியில் நம் வீடு கொள்ளாத சனம். சமையல் நான்தான், வேறு யார்? காலையில் இடியப்பமும் புட்டும் விற்றுப் பிழைக்கிறவள் நான். வந்தவர் ஒருவர் அரை வயிற்றோடு எழும்பினால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது என்பது உனக்குத் தெரியும். உனக்குப் பிடித்த எல்லாவற்றையும் படைத்தோம். குழல் புட்டு, உளுந்து வடை, சவ்வரிசிப் பாயாசம். கடைசிக் காலத்தில் உனக்கு விலக்கின சாமான்களையும் பிடிவாதமாக வைத்தேன். இனி உனக்கு என்ன பத்தியம்?

படைத்துவிட்டு வாழையிலைத் துண்டில் காகத்துக்கு வைத்தோம். காகம் வரவில்லை. மதிலில் இருந்து பார்த்ததே தவிர இறங்கவில்லை. ஆட்களின் முகம் வாடத் தொடங்கியது. அப்போது குருக்கள்மடத்துச் சின்னம்மா திரும்பி உன் தொட்டியைப் பார்த்தார்.

"காகத்துக்கு வைக்கிறம். அவள் பெத்த பிள்ளை மாதிரி வளத்த மீனுக்கு ஒரு கிள்ளு வைக்கப்படாதா?"

சொல்லிக்கொண்டே புட்டில் கொஞ்சம் கிள்ளித் தொட்டிக்குள் உதிர்த்தார். குண்டன் வந்து ஆவென்று வாயைத் திறந்து விழுங்கினான். அவனுக்கு என்ன திவசம், என்ன விரதம்! "ஐயோ, வந்து வாங்கிற்றாள்!" என்று யாரோ அழுதார்களாம். பிறகு விடுவார்களா? உன்னோடு பழகின எல்லோரும் ஆளுக்கு ஒரு கிள்ளு. புட்டு, வடைத் துணுக்கு, பாயாசத்துச் சவ்வரிசி. காகம் இறங்காதபோதே நான் குசினிக்குள் சோறு வடிக்கப் போய்விட்டேன், இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. எல்லோரும் போன பிறகு தொட்டியைப் பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. பாதித் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு, இரண்டு நாள் வாளியில் ஆற வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை விட்டேன். உள்ளே போனதை எப்படி அள்ளுவது?

அடுத்தநாள் விடிய அண்ணன் கூப்பிட்ட குரலில் இடியப்ப உரல் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. குண்டன் தலை கீழாக, வால் மேலாக மிதந்தான். வயிறு ஒரு தேசிக்காயை விழுங்கினதுபோல. நேராக வரப் பார்ப்பான், செட்டையை அடிப்பான், மறுபடி கவிழ்வான்.

அண்ணன் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். நீ போன நாளில் இருந்து அவர் பேசுகிற ஒரே ஆள் அந்த மீன்தான், மச்சாள். தேத்தண்ணியைக் கொண்டுபோய் அங்கேதான் குடிப்பார். ஆற்றில் என்ன மீன் பட்டது, யார் வீட்டில் கலியாணம், எல்லாம் அதற்குத்தான் சொல்வார். என்னிடம் "ஓம்", "இல்ல" மட்டும்.

"ஆண்டு முடிஞ்சுது புள்ள. கூட்டிற்றுப் போக வந்திற்றாள்" என்றார். குரலில் அழுகை கூட இல்லை, அதுதான் எனக்குப் பயம். "இவனும் போனா எனக்கென்ன கிடக்கு?"

பிறகு எழும்பி, மிஞ்சிக் கிடந்த புட்டில் ஒரு பிடி எடுத்தார். "வெறும் வயித்தோட அனுப்பப்படாது."

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "விடுங்க அண்ண! வெறும் வயிறா அது? வெடிக்கப் போற வயிறு!"

கத்தினேனே தவிர எனக்கும் நிச்சயமில்லை. ஏனென்றால் எனக்கு வெள்ளச்சி நினைவுக்கு வந்துவிட்டாள்.

குண்டன் வருவதற்கு முன்னே நீ வளர்த்த வெள்ளை மீன். அவள் வயிறும் இப்படித்தான் ஊதியது. நான் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "பிள்ளைத்தாச்சிகா! முட்டை போடப்போறாள்!" என்று குதித்தேன். நீயோ ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று மேலே இருந்து பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். பிறகு என்னையும் ஏறச் சொன்னாய். மேலே இருந்து பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. செதில் ஒவ்வொன்றும் உடம்பை விட்டு நிமிர்ந்து நின்றது. நீந்துகிற அன்னாசிப்பழம்.

"இது சாப்பாடு இல்லகா. முட்டையும் இல்ல. தண்ணி. உள்ளுக்குப் போன தண்ணிய வெளிய தள்ள ஏலாமப் போயிற்று" என்றாய்.

நீ எங்கே படித்தாய் என்று கேட்டேன். போனில் பார்த்தாயாம், மீன் கடைக்காரரிடம் கேட்டாயாம், மிச்சத்தை வெள்ளச்சியே சொன்னாளாம். நல்ல தண்ணீரில் வாழ்கிற மீனின் உடம்புக்குள் எந்நேரமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், அதன் சிறுநீரகம் ஓயாமல் இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. சும்மா வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது என்றுதானே நினைத்தோம்! ஒரு விரல் நீள உயிர், பிறந்த நாளில் இருந்து ஒரு கணமும் நிறுத்தாமல் தனக்குள் கிணறு இறைக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் கோயிலில் நிற்பதுபோல நின்றேன். இன்றைக்கும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

நீ அவளை வேறு பாத்திரத்தில் மாற்றினாய். பார்மசியில் எப்சம் உப்பு வாங்கி, அளவாகக் கரைத்து விட்டாய். அந்த உப்பு உடம்பில் கட்டின நீரை இழுக்குமாம். கொஞ்சம் வற்றியது, மறுபடி ஊதியது. போய்விட்டாள். முருங்கைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து நீ வாசற்படியில் இருந்தாய். நீளச் சட்டையை முழங்கால் வரை ஒதுக்கி, காலில் எலும்புப் பக்கமாகப் பெருவிரலை வைத்து அழுத்தினாய். விரலை எடுத்தாய். பள்ளம் அப்படியே கிடந்தது, பிசைந்த மாவில் பதிந்த விரல் மாதிரி.

"பார்த்தியா? எனக்கும் அவளுக்கும் ஒரே நோய், ஒரே வருத்தம்கா" என்று சிரித்தாய்.

நான் உன் வாயில் அடித்தேன். உண்மையாகவே அடித்தேன். நீ அதற்கும் சிரித்தாய். சிறுநீரகம் பழுது என்று கிளினிக்கில் உனக்கு முன்னமே சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் நீ சொல்லவில்லை. ஒரு மீனை மேலே இருந்து பார்க்க ஸ்டூலில் ஏறினவள், தன் உடம்பையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறாய். எனக்கு அந்தத் துணிவு எந்தச் சென்மத்திலும் வராது.

மெசினில் இரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்த காலத்தில் உனக்குக் குடிக்கத் தண்ணீர் அளவு. வெயிலோ நெருப்பு. நீ தண்ணீர் அளக்கிற சின்னக் கிளாஸை என் கையில் தந்தாய். "இத நீ வைச்சிரு. அவரிட்ட குடுக்காத. அவர் அழுது அழுது ஊத்தித் தந்திடுவார்" என்றாய். ஊருக்கே சோறு போடுகிறவளிடம் வந்து, எனக்குத் தராதே என்று கேட்டாய். நீ நாக்கு வறண்டு என்னைப் பார்க்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் துருவுவேன். சண்டாளி என்று என்னை நானே திட்டுவேன். பிறகு ஒரு சின்ன ஐஸ் துண்டை உன் உதட்டில் வைப்பேன். அதை நீ உறிஞ்சுகிற விதத்தைப் பார்த்தால், உலகத்தில் இதற்கு மேல் ஒரு ருசி இல்லை என்று தோன்றும். "நீதான்கா என்னைச் சரியாப் பாக்கிற" என்று ஒரு தரம் சொன்னாய். அந்த ஒரு சொல்லில்தான் நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனின் கையைப் பிடித்தபடி நின்றேன் என்றேனே, அங்கே வருகிறேன். உன் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஏறத்தான் பயம். செதில் நிமிர்ந்திருந்தால் அவருக்கு நான் என்ன சொல்வேன்? மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் சிரிக்கத்தான் போகிறாய்.

திறந்தேன். வயிறு இரண்டு பக்கமும் ஒரேயளவாகப் புடைத்திருந்தது. செதில் ஒன்றும் நிமிரவில்லை. ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து, காலை வெயிலில் பொன்னாக மின்னியது. மச்சாள், அந்தக் காட்சியை எப்படி எழுதுவது? மரண அவஸ்தையில் கவிழ்ந்து கிடக்கிற ஒரு சீவன், தன் உடம்பு முழுக்க "எனக்கு அந்த வருத்தம் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறது. மேலே இருந்து பார்க்கத் தெரிந்தவளுக்கு மட்டும் அது வாசிக்க வரும்.

"அண்ண, தண்ணி இல்ல. சாப்பாடுதான். அவள் கூப்பிடேல்ல, நம்மட சனம்தான் கண்டதையும் ஊட்டித் தீத்திக் கெடுத்திருக்கு!"

தீத்தினதால் வந்த வருத்தத்துக்குப் பட்டினிதான் மருந்து என்று நீ முன்னொரு தரம் செய்து காட்டியிருக்கிறாய். அன்றைக்குக் காய்ந்த உருண்டைத் தீனி வயிற்றுக்குள் ஊறிப் பெருத்து அவன் மிதந்தான். அதற்குப் பிறகு நீ ஊறவைக்காமல் ஒன்றும் போட்டதில்லை. ஆகவே குண்டனுக்குப் பட்டினி. தொட்டிக்கு மேலே சுளகைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒரு பாத்திரத்தில் எப்சம் உப்பு அளவாகக் கரைத்து, கொஞ்ச நேரம் அதில் விட்டு எடுத்தேன். அவ்வளவுதான் வைத்தியம். மிச்சம் முழுக்க, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதுதான் மலையைப் புரட்டுகிற வேலை! அவன் கண்ணாடியில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடுவான். அண்ணன் என்னைப் பார்ப்பார்.

"ஒரு கிள்ளுப் புள்ள."

"இல்ல."

"உனக்கு நெஞ்சில ஈரம் கிடக்கா?"

"கிடக்கு. அதால தான் தரேல்ல."

சின்னம்மா வேறு போன் எடுத்தார். "அந்த வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டுப் பாவத்தக் கட்டிக்கொள்ளாத" என்றார். "சின்னம்மா, நீங்க போட்ட புட்டுத்தான் இன்னும் வெளிய வரேல்ல" என்றேன். போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை, வெள்ளை நூல் மாதிரி நீளமாக ஒன்று அவனுக்குப் பின்னால் இழுபட்டது. அண்ணன், வயது போன மனுஷன், குழந்தை மலம் கழித்ததைக் கண்ட தாய் மாதிரிக் கத்தினார். "வந்திற்றுது! புள்ள, ஓடி வா, வந்திற்றுது!" மத்தியானத்துக்குள் குண்டன் வாலைத் தாழ்த்தி, வயிற்றைக் கீழே கொண்டுவந்து, மெல்ல நேரானான். யாரும் தொடவில்லை. உள்ளே எதுவோ தன் பாட்டில் சரியாகி, ஒரு உயிர் தன்னைத்தானே நிமிர்த்தியது. நாங்கள் இருவரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். அண்ணன் அப்போதுதான் அழுதார். நீ போன பிறகு முதல் தரம், சத்தமாக, போட்டிருந்த சேட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு அழுதார்.

இன்றைக்குத்தான் சாப்பாடு. உரித்த பட்டாணியில் பாதியை நசித்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் போட்டார், குண்டன் விழுங்கினான். அண்ணன் மறு பாதிக்குக் கையை நீட்டினார். நான் கையை மூடிக்கொண்டேன். அவரும் தன் கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு அவரை வாசற்படியில் இருக்கச் சொன்னேன். நீ இருந்த அதே படி. சாரத்தை முழங்கால் வரை ஒதுக்கச் சொன்னேன். நீ போனதில் இருந்து ஒவ்வொரு கிழமையும் இதைச் செய்கிறேன், அவரும் ஒவ்வொரு கிழமையும் புறுபுறுப்பார். "எனக்கு ஒண்டும் இல்ல, விடு புள்ள" என்றார். எலும்புப் பக்கமாகப் பெருவிரலை வைத்து, நீ அழுத்தினதுபோல அழுத்தினேன். பட்டாணி மணத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுத்தேன்.

பள்ளம் விழவில்லை, மச்சாள். சதை உடனே மேலே வந்துவிட்டது.