வடக்கு மூலையில் நீங்கள் அறுத்த தளிர்கள்

சயோரி அப்பாவுக்கு,

யொனேசாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். எப்போது வருவேன் என்று போன் போட்டுக் கேட்காதீர்கள். சோறு குக்கரில் இருக்கிறது. சாவி வழக்கம்போல மீட்டர் பெட்டிக்குள்.

நேற்று முதன்முதலாக எனக்காகச் சமைத்தீர்கள். ஹோஸ்டா கீரைத் தளிரை வேகவைத்து மிசோ விழுதில் பிசைந்து வைத்து, "நம்ம தோட்டத்துலயே மொளச்சிருக்கு, கடையில எதுக்கு வாங்கணும்?" என்று பெருமையாகச் சொன்னீர்கள். நானும் ருசித்துத் தின்றேன். பிறகுதான் வீட்டின் வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

கீரைக்கென்று வளர்த்த பாத்தி கிணற்றடியில் இருக்கிறது. நீங்கள் அறுத்தது, போன வசந்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நம் பெண் சயோரி அழகுக்காக நட்டுவிட்டுப் போனது. நீல இலை வகையைச் சுவரோரம் வைத்து, முன்னால் வெள்ளைக்கரை வகையை வைத்தாள். "வெயிலே படாத மூலைம்மா. வெளக்கு வெச்ச மாதிரி இருக்கும் பாரு" என்றாள். பார்க்க அவள் திரும்பி வரவில்லை.

அறுத்தது தெரியாமல் செய்த பிழை. ஆனால் "ஒரு கீரைக்கா இவ்ளோ கூப்பாடு?" என்று கேட்டீர்களே, அதுதான் ஆறவில்லை.

மண்ணைக் கிளறாதீர்கள். வேர் பிழைத்திருந்தால் துளிர்க்கும். எதிர்வீட்டு நகுமோ பக்கக்கன்று கேட்டு வருவார். இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கினுயே

இன்னொன்று: மிச்சத்தைக் கொட்ட மனம் வரவில்லை. பாதியை ரயிலில் சாப்பிட எடுத்துக்கொண்டேன். மீதி பிரிட்ஜில் இருக்கிறது. இந்தத் தடவை, யார் நட்டது என்று தெரிந்து சாப்பிடுங்கள்.