அச்சகத்துக்குப் பின்னால் ஒரு பூசணிக்கொடி

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவனுக்கு,

போனில் பேசினால் "மீட்டிங்க்கா" என்று பாதியில் நழுவிவிடுவாய். கடிதமென்றால் முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பழைய அச்சகத்துக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த மனை நினைவிருக்கிறதா? நானும் தையல்காரம்மாவும் எதிர்வீட்டு டிரைவரும் அதைத் தோட்டமாக்கிவிட்டோம். யாரிடமும் கேட்கவில்லை. உங்கள் குடிநீர் இலாகா ஆட்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை மாதிரியே தையல்காரம்மா தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் மண்வெட்டி பிடித்தால், போலீஸ்காரர்கூட "சீக்கிரம் முடிங்க" என்று ஒதுங்கிப் போகிறார்!

பூசணி பந்தலேறிக் காய்த்துவிட்டது. நாங்கள் தண்ணீரே ஊற்றுவதில்லை, தெரியுமா? மண் தானாக ஈரமாயிருக்கிறது. "என்னம்மா கைராசி உனக்கு!" என்கிறார் டிரைவர். ராசியில்லாதவள் என்று என்னை அனுப்பிவைத்த புகுந்த வீட்டார் வந்து பார்க்கட்டும்.

உன் அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஆரஞ்சுச் சட்டையைப் படித்துச் சிரித்தேன். ஈரமண்ணுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மழையே இல்லாதபோது மண் ஈரமாயிருந்தால் அது ராசி இல்லை அக்கா. அச்சகத்தை ஒட்டித்தான் குடிநீர்க் குழாய் போகிறது. மேட்டுத் தெருவுக்கு மாசக்கணக்காகத் தண்ணீர் ஏறவில்லை. கசிவு எங்கே என்று ஊரெல்லாம் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று வந்து இரும்புக் கம்பியை மண்ணில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டேன். பூசணிப் பந்தலுக்கு நேர் கீழே தண்ணீர் இரைகிறது. அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை இயந்திரம் வரும். அதற்குள் செடிகளை எடுத்துவிடு.

தம்பி

பிப்ரவரி 13

தம்பி,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நான் என் தம்பிக்கு எழுதினேன், இலாகாவுக்கு மனுப் போடவில்லை. இவ்வளவு தூரம் வந்து கம்பி ஊன்றியவன், பக்கத்துத் தெருவிலிருக்கும் என் வீட்டை எட்டிப் பார்த்தாயா?

காய்த்துத் தொங்கும் கொடியைப் பிடுங்கி எங்கே நடுவது? திங்கள்கிழமை பந்தலடியில்தான் உட்கார்ந்திருப்பேன். இயந்திரம் என்மேல் ஏறட்டும். என் கையால் எதுவும் விளங்காது என்று புகுந்த வீட்டார் சொன்னார்கள். இப்போது நீயும் சொல்லிவிட்டாய். அவர்கள் சொன்னது இப்படி வலிக்கவில்லை.

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

தபாலில் போட்டால் திங்களுக்குள் சேராது; உன் கடிதத்தைக் கொண்டுவந்த டிரைவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கம்பி ஊன்றிய அன்று உன் வாசல்வரை வந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் அதிகாரியிடம் சொல்லமாட்டேன் என்று பயந்து திரும்பிவிட்டேன்.

உட்காருமுன் ஒரு தடவை மேட்டுத் தெருவுக்குப் போ. அதற்குப் பிறகும் நீ உட்கார்ந்தால் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, உன் காலடியில் நானே கையால் தோண்டுவேன். தோண்டாமல் மட்டும் இருக்கமாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 20

சின்னவனுக்கு,

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே.

அந்தத் திங்கள்கிழமை பந்தலடியில் உட்காரத்தான் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக் கிளம்பினேன். வழியில் மேட்டுத் தெருவுக்குள் நுழைந்தேன். ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது வந்தீங்களே! எப்பம்மா தண்ணி விடுவீங்க?" என்று குழாயைத் திறந்து காட்டினாள். காற்றுதான் சீறியது. நான் இலாகா ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னிக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஏறும்வரை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பூசணி போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஈரம் வற்றியதும் மற்ற செடிகளும் ஒவ்வொன்றாகக் கருகின. டிரைவர் வருவதை நிறுத்திவிட்டார். நானும் தையல்காரம்மாவும்தான் தெருமுனையிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறோம். சுவரோரத்துச் செம்பருத்தி நேற்று துளிர்விட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் கம்பியைக் கொண்டுவந்து அதனடியில் ஊன்றி, நன்றாகக் காதை வைத்துக் கேள். ஒரு சத்தமும் வராது.

அப்படியே ஒரு வாளியும் கொண்டு வா. எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

உன் அக்கா