மம்மிக்கு நான் எடுத்த பந்தல் துணி

இயேசு மரி சூசை

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.
நவம்பர் 9

அன்பு மகள் தீபிகாவுக்கு டாடி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை நரேஷும் அந்தப் பெர்த் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று நீ யோசிப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, இரண்டே ரூம், நான் எங்கே நின்று பேசினாலும் மம்மி காதில் விழும், அவள் பக்கத்தில் இருக்கும்போது இதை என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் கோவிலுக்கு வந்து, பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முழங்கால் மேல் நோட்டு வைத்து எழுதுகிறேன்.

ஊர் விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. மழை விட்டும் விடாமலும் இருக்கிறது, நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ வாசல் வரைக்கும் வராது, மம்மியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது முனை வரைக்கும் நடக்க வைக்க வேண்டியிருக்கிறது, குடையோடும் முழுக்கை ஜாக்கெட்டோடும் அவள் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் கதவருகே வந்து நிற்கிறார்கள். விசாரிக்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான், நான்தான் குடையைச் சரி செய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நானும் டென்சில் அங்கிளும் அத்திபெலேயில் அவர் ஷெட்டில் வைத்து அந்தப் பழைய கேரவனைச் சரி செய்தோம் அல்லவா, நீகூட போட்டோ பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்றை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னாய். நாங்கள் இரண்டு பேரும் முப்பத்திரண்டு வருடம் பஸ் பாடி கட்டின கைகள், ஒன்றரை வருடத்தில் அதைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம், கட்டில், அடுப்பு, கறுப்புக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் வந்துவிட்டது. எல்லாமே மம்மிக்காகத்தான். லூபஸ் வியாதி வந்த இந்த ஆறு வருடத்தில் பகலில் அவள் வெளியே உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா. வெயில் பட்டால் முகம் சிவந்து மூட்டு வீங்கிக் காய்ச்சல் வரும் என்பதால் திரை போட்ட ரூமிலேயே அவள் காலம் போகிறது. ஒரு வண்டி இருந்து, அதன் பக்கவாட்டில் விரிக்கிற பந்தலும் இருந்தால் எந்த ஊரிலும் அவளை வெளியே உட்கார வைக்கலாம் என்பது என் கணக்கு. கடைசியாக மிச்சம் இருந்தது அந்தப் பந்தல் ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் மம்மி, நான், டென்சில் மூன்று பேரும் மார்க்கெட் பக்கம் ஒரு தார்ப்பாய்க் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் நிறைய எடுத்துப் போட்டார். கம்பம் நட்டுக் கட்டுவது, கைப்பிடி சுற்றினால் தானாக விரிவது, இப்படி. விரிகிற மாதிரி போதும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம், துணியில்தான் வந்தது வினை. ஒன்று சாம்பல் நிறம், உள்பக்கம் கறுப்புப் பூச்சு, நல்ல கனம், ரப்பர் வாடை அடித்தது, தலைக்கு மேல் பிடித்தால் கோடவுனுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று வெள்ளையில் நீலக்கோடு போட்டது, மெல்லிசு, பார்க்கவே மனசுக்குக் குளிர்ச்சி. மம்மி கனமான துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவே போதுங்க, கெட்டியா இருக்கு" என்றாள். பாய் கோடு போட்ட துணிக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். "சார், அஞ்சு விரலும் தெரியுது பாருங்க. இது ஜாலிக்குப் போறவங்க வாங்கற துணி. அம்மாக்கு வெயிலே ஆகாதுன்னு சொல்றீங்க, ஆஸ்பத்திரி கேஸ், அந்தக் கறுப்புப் பூச்சு போட்டத எடுங்க" என்றார். ஆஸ்பத்திரி கேஸ் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. டென்சில்கூட, "என்ன மேன், அவங்களுக்காகத் தானே வாங்கறே, அவங்க சொல்றதக் கேளேன்" என்றார். நான் கேட்கவில்லை. பழைய பாடி அவ்வளவு கனம் தாங்காது என்று சொன்னேன். அது பொய். உள்ளே ஒரு இரும்புப் பட்டை வைத்து ஆணி அடித்தால் யானையையே தாங்கும், பஸ் கட்டினவனுக்கு இது தெரியாதா. மம்மியிடம் மட்டும் மெதுவாக, "ஆறு வருஷமா இருட்டுலயே இருக்கே, அங்கயும் போய் இருட்டுலயா உக்காரப் போறே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டங்க" என்றாள். நான் ஆசைப்பட்டால் அவள் தடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் அந்தத் துணியை எடுத்தேன்.

மாதா திருநாள் முடிந்த அடுத்த வாரம் புறப்பட்டோம். டென்சிலின் ஜீப்பில் கேரவனை மாட்டி ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரிக்கு முன்னால் உள்ளே திரும்பினால் ஒரு ஏரி இருக்கிறது, பெரிய பாறைகள், ஆள் நடமாட்டம் இல்லை. பத்து மணிக்குப் பந்தலை விரித்தேன். தீபிகா, உன் மம்மியை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பீன்ஸ் நறுக்கினாள், டென்சில் சொன்ன பழைய ஃபேக்டரிக் கதைக்கெல்லாம் சிரித்தாள், தண்ணீரில் நாரை இறங்குவதை எனக்குக் கை நீட்டிக் காட்டினாள். பந்தலுக்குக் கீழே எல்லாம் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சமாக இருந்தது, கொஞ்சமும் சூடு இல்லை. இரண்டு மணிக்கு மேல் அவள் கன்னம் லேசாகச் சிவந்திருந்ததை நான் கவனித்தேன். சந்தோஷத்தில் வந்த நிறம் என்று நினைத்துக்கொண்டேன், இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். உள்ளே போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுந்திருப்பாள். நான் கேட்கவில்லை. சாயங்காலம் வெயில் சாய்ந்து பக்கவாட்டில் வர ஆரம்பித்த பிறகுதான் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள் காய்ச்சல். மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் தோல் தடித்துவிட்டது, விரலை மடக்க முடியாமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு வாரம் மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம் என்று பார்த்தாள், பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்ற பிறகுதான் என்னிடம் சொன்னாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டெங்கு மாதிரி ஏதோ காய்ச்சல் என்று உனக்குச் சொன்னோமே, அது டெங்கு இல்லை. வியாதி கிட்னியில் இறங்கிவிட்டது. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது வீரியமான மருந்து போகிறது, ஆறு மாதம் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் டயாலிசிஸ் வரைக்கும் போகலாம் என்று டாக்டர் வீணா சொல்லியிருக்கிறார். நல்ல டாக்டர், எதையும் மறைப்பதில்லை.

அந்த டாக்டர்தான் முதல் நாள் கேட்டார், சமீபத்தில் வெயிலில் எங்கேயாவது இருந்தார்களா என்று. நான், "நெழல்ல தான் மேடம் இருந்தா, பந்தல் போட்டிருந்தேன்" என்றேன். "நெழல்ல சூடு தான் அங்கிள் கம்மியா தெரியும். துணி மெல்லிசா இருந்தா இவங்களுக்கு ஆகாத கதிர் உள்ள வந்துடும். தண்ணி, பாறை மேல பட்டும் திரும்பி வரும். என்ன துணி போட்டீங்க?" என்று கேட்டார். அதற்குள் மம்மி கட்டிலில் இருந்தபடியே, "அவர் மேல தப்பு இல்ல டாக்டர், நான் தான் குடை இல்லாம தண்ணி ஓரம் போய் ரொம்ப நேரம் நின்னுட்டேன்" என்றாள். அவள் பந்தலை விட்டு ஒரு அடிகூட வெளியே வைக்கவில்லை. டாக்டர் அவளைக் கண்டித்தார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடமும் அதையே சொன்னாள். காய்ச்சலுக்கு வெயிலும் ஒரு காரணம் என்று அவள் ஒப்புக்கொண்டதும் நீ போனில் சத்தம் போட்டாய், "எத்தன தடவ மம்மி சொல்றது, சின்னப் புள்ளையா நீ, டாடி எவ்ளோ கஷ்டப்பட்டு பந்தல் எல்லாம் போட்டாரு, அதுக்குள்ள உக்காந்திருக்கக் கூடாதா" என்று. ஸ்பீக்கரில் இருந்தது, எனக்கும் கேட்டது. அவள், "தப்பு தாம்மா" என்று மட்டும் சொன்னாள். நீ சொன்னதில் குற்றம் இல்லை மகளே, பாசத்தில் சொன்னாய். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வர வேண்டியது. ஒரு மாதத்துக்கு மேலாக அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன், மன்னிப்புக் கொடுத்தார், மனசு பாரம் இறங்கவில்லை. உன்னிடம் சொன்னால்தான் மம்மி மேல் விழுந்த பழி போகும் என்று தோன்றியது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் கேட்ட துணியை வாங்கியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர், அது அவர் நல்ல மனசு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேரவனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று டென்சிலிடம் சொன்னேன். மம்மி ஒத்துக்கொள்ளவே இல்லை. போன வாரம் பொழுது சாய்ந்த பிறகு ஆட்டோ வைத்து அதே கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாகக் கடை லைட்டுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். கறுப்புப் பூச்சு போட்டதையே எடுத்தாள், முன்பக்கமும் வெயில் சாய்கிற பக்கமும் தரை வரைக்கும் தொங்குகிற மாதிரி இரண்டு படுதாவும் சேர்த்துச் சொன்னாள். பாய் பழைய துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். நானும் டென்சிலும் உள்ளே இரும்புப் பட்டை வைத்து மாட்டினோம், அரை நாள் வேலை. அரை நாள் வேலைதான் தீபிகா, அதைத்தான் முடியாது என்று சொல்லியிருந்தேன்.

நேற்று அவளை அத்திபெலேக்குக் கூட்டிப் போய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்தோம். கேரவன் படி ஏற அவளால் முடியவில்லை, கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. படுதாவை இறக்கினதும் டென்சில் டார்ச் எடுத்து வந்தார், அவ்வளவு இருட்டு. மம்மி படுதாவின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். அடுத்த ரிப்போர்ட் வரும்வரை பெங்களூரை விட்டு நகரக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அங்கே வைத்துத்தான் உனக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றாள். நீ அழுவாய், அங்கே தனியாகக் கிடந்து அழுவாய் என்றாள். பிறகு, எழுதுவதானால் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "போன மாசம் பேசும்போது பஸ்ஸுக்கு நடந்தா கன்னம் எரியுது, காலைல விரல் மடங்கலேன்னு சொன்னா. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. என்னத் திட்டினதுக்கு அவ வருத்தப்பட வேணாம், இதச் செய்யச் சொல்லுங்க போதும்." திரும்பி வரும் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் வீணாவிடமும் கேட்டேன். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்பது இல்லை, ஆனால் இந்த மாதிரி அறிகுறி இருக்கும்போது சும்மா இருக்கக் கூடாது என்றார். டெஸ்ட்டின் பெயரை அவரே எழுதிக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கடிதம் கைக்கு வருவதற்குள் நாள் போய்விடும் என்பதால் நாளைக்குச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், எதற்கு என்று போனில் கேட்காமல் போய் எடுத்துவிடு என்று அதோடு எழுதுகிறேன். உங்களுக்கு இப்போது கோடை ஆரம்பிக்கிறது, ரிசல்ட் வரும்வரை முழுக்கை போடாமல் வெளியே போகாதே.

டிசம்பரில் லீவு கிடைத்தால் வா. மம்மி கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன்.

ஆரோக்கிய மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் சேலை முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். ரிசல்ட் எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லாதே, மம்மியிடம் சொல். இனி இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

உன் டாடி,
இராஜமாணிக்கம்