ஃபாரத்தில் இல்லாத ஆள்

3, திங்கள்

வெயில். காத்து நின்னு மூணு நாள். தோப்புக்குத் தண்ணி. வால்வு பாதிதான் திறக்குது, என் மண்டை மாதிரி.

மகள் கவிதா போன். கோயம்புத்தூர்க் கம்பெனியில் அவளுக்கு வேலை, பறக்கும் டாக்சிக்கு வானத்தில் வழி போடுறது. டவுனுக்கு மேலே ஓட்ட இன்னும் அனுமதி இல்லையாம். அதனால் சோதனை கேரளா எல்லையில் நம்ம கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அவள் போட்ட வழி நம்ம தோப்புக்கு மேலே. ஒவ்வொரு தென்னையோட உயரமும் கம்ப்யூட்டரில் ஏத்தியிருக்காளாம். எனக்கே தெரியாது என் மரம் எவ்வளவு உயரம்னு.

நிலத்துக்காரர் ஃபாரம் ஒண்ணு நிரப்பணும். பத்தாவது ரெண்டு தடவை எழுதின அனுபவம் இருக்கே, நிரப்பியாச்சு. மரம், மின்கம்பி, கோபுரம், பறவைக் கூட்டம். கடைசிக் கேள்வி, தரைக்கு மேலே ஆள் நடமாட்டம் உண்டா? சிரிப்பு வந்துது. 'இல்லை'னு போட்டுக் கையெழுத்து.

4, செவ்வாய்

நாளைக்குச் சோதனை. செய்ய வேண்டியது:
பசு ரெண்டையும் ரோட்டோரம் மாத்தணும்.
கொடித் துணி எடுக்கணும்.
நீலச் சட்டை தேய்க்கணும்.
தோப்பில் கீழே யாரும் நிக்கக் கூடாதாம். எல்லார்கிட்டயும் சொல்லணும்.

நம்ம மரத்தில் கள்ளு இறக்குற ஆறுச்சாமிகிட்ட சொன்னேன். "நாளைக்குத் தோப்புல கீழ யாரும் நிக்கக் கூடாதாமப்பா."

"நா எங்கீங்க கீழ நிக்கறேன்" என்றான்.

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுட்டே ஊட்டுக்கு வந்துட்டேன்.

5, புதன்

எழுதவே பிடிக்கலை.

பழைய ரைஸ் மில் களத்தில் பந்தல். ஏசி. பெரிய திரை. டை கட்டின கம்பெனி மேனேஜர் ஒருத்தர் அரை மணி நேரம் பேச்சு, ஸ்மார்ட், ஸ்மார்ட், ஸ்மார்ட். படத்தில் நம்ம தோப்பு ஒரு பச்சைச் சதுரம், மேலே 'காலி நிலம்'. எங்கப்பன் வெச்ச தோப்பு காலி நிலம். அதுக்கும் தலையாட்டினேன். கையில் பப்ஸ்.

மெஷின் கிளம்புச்சு. எட்டு விசிறி, உள்ளே ஆள் இல்லை. தோப்புக்கு மேலே வந்து தாழ்ந்து நின்னுது. திரையில் எல்லாம் பச்சை விளக்கு. ஓலையெல்லாம் பேய் பிடிச்ச மாதிரி ஆட்டம். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கவிதா திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, சின்னப் பிள்ளையில் ரேஸ் ஜெயிச்சப்போ சிரிச்ச அதே சிரிப்பு.

ஊட்டுக்கு வந்தால் வாசலில் ஆறுச்சாமி. நெஞ்சுத் தோல் உரிஞ்சு கிடக்கு, இடது உள்ளங்கையில் துணி. மெஷின் தாழ்ந்து நின்ன இடத்து மரத்து உச்சியில் பாளை சீவிட்டு இருந்திருக்கான். கள்ளு வடியுற முட்டிப் பானை பறந்து போச்சு. அரிவாள் அவன் கையிலேயே பட்டிருக்கு. மெஷின் போற வரைக்கும் மரத்தைக் கட்டிப்பிடிச்சுட்டே இருந்திருக்கான்.

நான் கை தட்டினது அதுக்குத்தான்.

6, வியாழன்

ராத்திரி டார்ச்சோட தோப்புக்குப் போய் உடைஞ்ச முட்டியைப் பொறுக்கினேன்.

ஆறுச்சாமி காலையில் கட்டோட வந்து ஏறுறான். "ஏப்பா, ரெண்டு நாள் கிட" என்றேன்.

"ஒரு நேரம் சீவாம உட்டாப் பாள போச்சுங்க. மூணு நேரமும் ஏறித்தான் ஆகணும்." அப்புறம் பாதி மரத்திலிருந்து, "கவிதா அம்மிணிகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. அது பொழப்புக்கு எதுக்கு இடைஞ்சல். காத்து அடிச்சுதுன்னு நெனச்சுக்கறேன்."

ஊட்டில் என் சம்சாரம் சரசு சோத்தைப் போட்டுட்டு, "தெனமும் அந்தாளு மரத்துல இருந்துதானுங்க உங்ககிட்டப் பேசறாரு. நீங்களும் அண்ணாந்துதான் பதில் சொல்றீங்க. அப்பறம் எப்படி இல்லைன்னு எழுதுனீங்க?"

ரசம் மட்டும் ஊத்திக்கிட்டேன்.

திங்கக்கிழமை மெஷின் மறுபடி ஓட்டம். இன்னும் தாழ்வாக.

7, வெள்ளி

மூணு தடவை போன் எடுத்து வெச்சேன். நாலாவது தடவை சொல்லிட்டேன்.

கவிதா முழுசாக் கேட்டாள். அப்புறம், "ஃபாரத்துல யாருப்பா இல்லைன்னு போட்டது?"

"நாந்தான் கண்ணு."

"எனக்கும் தெரியுமில்லப்பா. ஆறுச்சாமி மாமன் மரத்துலதான இருப்பாரு. 'இல்லை'ன்னு இருந்ததைப் பார்த்துட்டே நானும் அனுப்பினேன்." அழுகிறாளோ என்னவோ. இந்த வழி ரத்தானால் அவளோட ஆறு மாச வேலை போச்சாம். வேலையே கூடப் போகலாம்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். டை கட்டினவர்கிட்ட சொல்லியிருக்கா. ஃபாரம் அப்படியே இருக்கட்டுமாம், பறக்குற நேரத்தில் மட்டும் அந்த ஆளை ஏற வேண்டாம்னு சொன்னால் போதுமாம்.

"சர்வீஸ் ஆரம்பிச்சா எத்தனை தடவை பறக்கும் கண்ணு?"

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு."

த்தூ. போனை வெச்ச பிறகுதான் துப்பினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. சரசு பார்த்துட்டா, தரையைத் துடைக்கச் சொன்னா. துடைச்சேன்.

8, சனி

கவிதா பஸ்ஸில் வந்துட்டா, சொல்லாமல். பையில் திங்கக்கிழமை ஓட்டத்துக்கான புது ஃபாரம்.

தோப்புக்குத்தான் முதலில் போனாள். ஆறுச்சாமி கையைப் பிடிச்சுப் பார்த்தாள். அவன் கூச்சத்தில் நெளிஞ்சு, "உங்க வண்டி ஜோரா நிக்குதுங்க அம்மிணி, ஆடவே இல்லை. மரந்தான் ஆடுச்சு."

ஃபாரத்தில் இந்தத் தடவை ஆள் பற்றிய கேள்வியே இல்லை, எடுத்துட்டாங்க. நான் பறவைக் கூட்டம்னு இருந்த கட்டத்தில் எழுதப் போனேன். "அதுல எழுதாதீங்கப்பா" என்று வாங்கி, ஸ்கேல் வெச்சு அடியில் ஒரு கட்டம் அவளே போட்டாள். நான் எழுதினேன்: ஆறுச்சாமி, கள்ளு இறக்குபவர், தினம் மூணு நேரம், எல்லா மரத்திலும். புதன்கிழமை இருந்தார். அடிபட்டது.

கீழே என் கையெழுத்து. அதுக்குக் கீழே அவளும் போட்டாள். நான் போடச் சொல்லலை.

போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிட்டு, பசிக்குதுன்னா.

9, ஞாயிறு

மேகம். லேசாகக் காத்து. வால்வு மாத்தணும்.

கம்பெனியிலிருந்து கவிதாவுக்குக் காலையிலிருந்து போன் அடிச்சுட்டே இருக்கு. எடுக்கலை. தோப்பில் உட்கார்ந்து மேலே பார்த்து ஆறுச்சாமிகிட்டப் பேசிட்டு இருக்கா.